ஆணியில் தொங்கும் பைகள்

தாராவி,
6 அக்டோபர் 2024, ஞாயிறு

மதிப்பிற்குரிய ஜெயகணேஷ் அவர்களுக்கு,

வணக்கம். இந்தக் கடிதம் எழுதுவதற்கு முதலில் என்னை மன்னிக்க வேண்டும். நிச்சயம் முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் பெண் கடிதம் போடுகிறாளே என்று நீங்கள் நினைக்கலாம். உங்கள் போன் நம்பர் என்னிடம் இருக்கிறது. நீங்களும் அழைத்தீர்கள். நான்தான் "ம்", "சரி", "சாப்பிட்டாச்சு" என்பதோடு நிறுத்திக்கொண்டேன். எங்கள் வீட்டில் இருப்பது ஒரே அறை. உங்கள் அழைப்பு வந்தால் அம்மா மிக்சியை நிறுத்திவிட்டுக் காது கொடுக்கிறாள். வாட்ஸ்ஆப்பில் எழுதலாம் என்றால், நீல டிக் விழுந்ததிலிருந்து பதில் வரும் வரைக்கும் போனைக் கீழே வைக்க முடிவதில்லை. கடிதத்தில் அந்தத் தொந்தரவு இல்லை. பெட்டியில் போட்டால் போட்டதுதான்.

பெண் பார்க்க வந்த அன்று உங்கள் அம்மா கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

உங்களுக்கு நினைவிருக்கும். எங்கள் சுவரில் வரிசையாகத் துணிப்பைகள் தொங்கியதைப் பார்த்துவிட்டு அத்தை, "இது என்னம்மா, சுவர் பூரா பை?" என்றார்கள். என் அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "எல்லாம் பிள்ளையோட கைவேலை" என்று ஒவ்வொன்றாக இறக்கிப் பாயில் கொட்டினாள். ஒரு கை மட்டும் வைத்த ஸ்வெட்டர் ஒன்று. தட்டு அளவு வட்டத்தில் நிற்கிற வெள்ளை மேசை விரிப்பு. முழ நீளம் வந்து நின்றுபோன கறுப்புச் சால்வை. கொட்டக் கொட்ட அம்மாவின் முகம் மாறியதை நான் பார்த்தேன்.

"எல்லாமே பாதியால்லா இருக்கு! ஒண்ணயாவது முடிச்சிருக்கியா தாயி?" என்றார்கள் அத்தை. எல்லோரும் சிரித்தார்கள். உங்கள் பிரம்மநாயகம் மாமா, "பொண்ணு முழுசா இருக்குல்லா, அது போதும்" என்றார். நானும் சிரித்தேன். நீங்கள் மட்டும் சிரிக்காமல் அந்தக் கறுப்புச் சால்வையைத் தொட்டுப் பார்த்தீர்கள்.

புறப்படும்போது அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது உங்களுக்குத் தெரியுமா என்று தெரியவில்லை. "தையில கல்யாணம், அதுக்குள்ள எல்லாத்தையும் முடிச்சிரு. இல்லன்னா பிரிச்சிரு. அரைகுறை வேலையத் தூக்கிக்கிட்டு ஒரு பொண்ணு புது வீட்டுக்குள்ள வரப்படாது."

நான் குரோஷா பின்னுவது போனில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டது. ஒரு கொக்கி ஊசி, ஒரு உருண்டை நூல், அவ்வளவுதான். ஆனால் எல்லா வேலையையும் எல்லா இடத்திலும் செய்ய முடியாது. காலையில் சயானிலிருந்து குர்லா போய், அங்கே வண்டி மாறிச் செம்பூருக்குப் போகிறேன். ரயிலில் லேடீஸ் டப்பாவில் நிற்கவே இடம் இருக்காது. அங்கே உள்ளங்கை அளவு கட்டங்கள் மட்டும்தான் போட முடியும், கண் பார்க்காமலே கை போடும். அந்தக் கட்டங்கள் சேர்ந்து ஒருநாள் போர்வை ஆகும். வெள்ளை விரிப்பைப் பையிலிருந்து எடுப்பது ஞாயிற்றுக்கிழமை தலைக்குக் குளித்த பிறகு மட்டும். எங்கள் சந்தில் தோல் சாயமும் புகையும், வேறு நாளில் எடுத்தால் வெள்ளை வெள்ளையாக இருக்காது. கறுப்பு நூலில் கண்ணி டியூப் லைட்டில் தெரியவே தெரியாது. அதை ஆபீஸ் மொட்டைமாடியில் மதியம் சாப்பிட்ட பிறகு, வெயிலில் வைத்துத்தான் போடுகிறேன். ஸ்வெட்டர் அப்பாவுக்கு. கம்பளி நூல் வேர்த்த கையில் வழுக்காது, ஒட்டும். குளிர் வரும் மாதங்களில்தான் அது நகரும்.

எதிர்வீட்டு சஃபீனாவின் பிள்ளைக்கு ஒரு தொப்பியும் இருக்கிறது. அது தாமதமானதற்கு மட்டும் காரணம் கிடையாது. பிள்ளையின் தலை என்னைவிட வேகமாக வளர்கிறது. "என் பிள்ள பள்ளிக்கூடம் போற வரைக்கும் அந்தத் தொப்பி வராது, அரைராணி" என்கிறாள். எங்கள் சந்தில் எனக்கு அதுதான் இப்போது பெயர்.

அன்று இவ்வளவையும் சொல்லியிருக்க வேண்டும். காபி டம்ளரை வைத்துக்கொண்டு நின்றுவிட்டேன். நீங்களும் அத்தை சொன்னதுபோலத்தான் நினைக்கிறீர்களா? பதில் எழுதினால் மகிழ்வேன். நேரம் இல்லாவிட்டாலும் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டேன்.

இப்படிக்கு,
பொன்செல்வி


கோபர்கைரனே,
16 அக்டோபர் 2024

அன்புள்ள பொன்செல்விக்கு,

இங்கு நானும் அம்மாவும் சுகம். அங்கு உன் அப்பா, அம்மா, நீ எல்லோரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் கடிதம் வந்தது. சாயங்காலக் கூட்டம் ஓய்ந்த பிறகு கடையில் உட்கார்ந்து முழுவதும் வாசித்தேன். நீ இவ்வளவு பேசுவாய் என்று நினைக்கவில்லை. தொப்பி விஷயத்தில் சிரித்துவிட்டேன்.

ஒவ்வொரு வேலைக்கும் ஒரு இடம், ஒரு நேரம் என்று நீ எழுதியது எனக்குப் பிடித்திருந்தது. நீ கெட்டிக்காரி என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

ஆனால் அம்மா சொன்னதைத் தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அம்மா இத்தனை வருடம் கடை நடத்துவது ஒரு ஒழுங்கில். ஒரு மூட்டையைப் பிரித்தால் அதன் அடி தெரியும் வரைக்கும் அடுத்த மூட்டையில் கத்தி படக் கூடாது. இல்லாவிட்டால் பழையது அடியில் கிடந்து வண்டு பிடிக்கும், புதியதும் கெடும். கைவேலையும் அப்படித்தான். ஒன்றைத் தொட்டால் அதை முடித்துவிட்டு அடுத்ததைத் தொட வேண்டும். தைக்கு இன்னும் நாள் இருக்கிறது. மனம் வைத்தால் முடித்துவிடலாம்.

அக்டோபர் வெயில் கொளுத்துகிறது. மோர் குடி. தலைக்கு எண்ணெய் வைக்கிறாயா? நிச்சயத்தன்று பார்த்தபோது முடி காய்ந்து கிடந்தது. பெண்பிள்ளைகள் வேலைக்குப் போகிற அவசரத்தில் இதையெல்லாம் விட்டுவிடுகிறீர்கள்.

அன்புடன்,
ஜெயகணேஷ்


தாராவி,
10 நவம்பர் 2024, ஞாயிறு

அன்புள்ள ஜெயகணேஷ் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. உங்கள் கையெழுத்தைப் பார்த்து ஆச்சரியப்பட்டேன். நீங்கள் இங்கிலீஷ் மீடியத்தில் படித்தவர், தமிழ் வாசிப்பார், எழுத அவ்வளவாக வராது என்று சொல்லியிருந்தார்கள். நான் காலேஜுக்குப் போவதற்கு முன்னால் பத்தாவது வரை முனிசிபல் தமிழ்ப் பள்ளியில் படித்தவள், என் எழுத்துகூட இவ்வளவு வரிசையாக நிற்காது. "நீ" என்று எழுதியதும் பிடித்திருந்தது. என் தலைமுடியை நீங்கள் கவனித்திருக்கிறீர்கள் என்று படித்த இடத்தில் கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன். பிறகுதான் மிச்சத்தைப் படித்தேன். அன்றிலிருந்து எண்ணெய் வைக்கிறேன்.

அத்தை சொன்னபடி முடித்துவிடுவது என்று தீபாவளிக்கு முன்னால் முடிவு செய்தேன். அந்தக் கதையைச் சொல்கிறேன்.

முதலில் வெள்ளை விரிப்பை எடுத்தேன். ஞாயிறு வரைக்கும் காத்திருக்காமல் ஆபீஸ் விட்டு வந்து தினமும் இரவில் போட்டேன். வட்டமாகப் பின்னும்போது ஒவ்வொரு சுற்றிலும் கண்ணிகளைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும், கையும் தளர்வாக இருக்க வேண்டும். தை வந்துவிடுமே என்கிற நினைப்பில் என் கை இறுகிவிட்டது. முடித்து விரித்துப் பார்த்தால் அது விரியவில்லை, கவிழ்த்த சட்டி மாதிரி எழுந்து நின்றது. அம்மா அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, இட்லிக் கொப்பரை மேல் வைத்தாள். தைத்து வைத்ததுபோல் அவ்வளவு பொருத்தம். "நல்லதாப் போச்சு புள்ள, இதுக்கு ஒண்ணு வேணும்னுதான் நெனச்சேன்" என்றாள். இப்போது அதுதான் எங்கள் கொப்பரைக்குத் தொப்பி.

அடுத்து ஸ்வெட்டர். வலது கை போன ஜனவரியில் போட்டது. இடது கையை இந்த வேர்வையில் இழுத்து இழுத்துப் போட்டேன். அப்பா போட்டுப் பார்த்தார். வலது கை ஒழுங்காக நுழைந்தது. இடது கை முழங்கை வரைக்கும் போய் நின்றுவிட்டது. உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. என் அப்பா நயினார் தோல் பட்டறையில் வெட்டுகிற வேலை செய்பவர். ஒரு நூலிழை பிசகினாலும் கண்ணில் பட்டுவிடும். ஆனால் அன்றைக்கு அந்தக் கையைத் தூக்கி வைத்துக்கொண்டு, "நல்லாத்தாம்லா இருக்கு, கச்சிதமா இருக்கு" என்று வீட்டுக்குள் நடந்து காட்டினார். சஃபீனா வாசலில் நின்று, "மாமா, பஸ்ஸுக்குக் கை காட்டுதியளா?" என்றாள். அப்பாவின் கையை விடுவிக்க நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து இழுக்க வேண்டியிருந்தது.

அன்றே அந்தக் கையைப் பிரித்துவிட்டேன். ஸ்வெட்டர் திரும்பவும் ஆணிக்குப் போய்விட்டது. கறுப்புச் சால்வையில் அவசரப்பட எனக்குத் துணிவு வரவில்லை.

இனிமேல் சொல்வதற்கு நீங்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. மூட்டைக் கணக்கை நான் நிறைய யோசித்தேன். நிச்சயத்துக்குச் சேலை எடுக்க வாஷிக்கு வந்த அன்று உங்கள் கடைக்கும் வந்தோம் அல்லவா? நான் பேசவில்லையே தவிர எல்லாவற்றையும் பார்த்தேன். வாசலில் பொன்னி அரிசி, அடுத்து இட்லி அரிசி, அப்புறம் துவரை, உளுந்து, கடலை. எல்லா மூட்டைக்கும் வாயைச் சுருட்டி விட்டிருந்தது. எல்லாவற்றிலும் ஒரு கைப்பிடிக் கரண்டி குத்தி நின்றது. ஒன்றுகூட முழு மூட்டை இல்லை. பொன்னி முடிந்த பிறகுதான் உளுந்தைப் பிரிப்பேன் என்று அத்தை சொன்னால் அந்தக் கடைக்கு யார் வருவார்கள்? ஒரே அரிசியில் இரண்டு மூட்டை பிரிக்கக் கூடாது. அதை ஒப்புக்கொள்கிறேன். நானும் இரண்டு ஸ்வெட்டர் தொடங்கவில்லை.

உங்கள் அம்மா பெரிய வியாபாரி. ஆனால் தான் உட்கார்ந்திருக்கிற கடையைத் தான் பார்த்ததில்லை.

இதை நீங்கள் அவர்களிடம் சொல்லிவிடக் கூடாது. எனக்கு அவர்களைக் கண்டால் பயம். அன்று என் கையைப் பிடித்த பிடியிலேயே தெரிந்தது, அவர்கள் சொன்னது சொன்னதுதான் என்று. ஆனால் தைக்குள் என்னால் முடியாது. பிரிக்கவும் மாட்டேன். இதை உங்களிடம் மட்டும் சொல்கிறேன்.

அன்புடன்,
பொன்செல்வி


கோபர்கைரனே,
24 நவம்பர் 2024

பொன்செல்வி,

இந்த லெட்டர் நானே எழுதறேன். போன்ல பேசினா அதுவே தமிழ்ல எழுதிக் காட்டுது. அதப் பாத்துப் பேப்பர்ல வரையறேன். எழுத்து கோணலா இருக்கும். சாரி.

மொதல்ல உண்மைய சொல்லிடறேன். எனக்கு தமிழ் வாசிக்க வராது. கடை போர்டு, ஊருக்குப் போனா பஸ் போர்டு, அந்த அளவுக்கு எழுத்துக்கூட்டுவேன். அவ்வளவுதான். உங்க மொதல் லெட்டர் வந்தப்ப நாலு பக்கம். எனக்கு பயமா ஆயிடுச்சு. நீங்க டிகிரி முடிச்சவங்க. நான் பன்னெண்டாவதோட கடைக்கு வந்தவன். வாசிக்கத் தெரியலன்னு எப்படி சொல்றது? அதனால அம்மாகிட்ட குடுத்தேன். அம்மா கனகவள்ளி இந்த ஏரியால தமிழ் பேப்பர ஒரு வரி விடாம வாசிக்கிற ஆளு. அவங்கதான் சத்தமா வாசிச்சாங்க. பதிலும் நான் சொல்ல ஆரம்பிச்சேன், அவங்கதான் எழுதினாங்க. கையெழுத்து அவங்களோடது. மூட்டை அவங்களோடது. எண்ணெயும் அவங்களோடதுதான். நான் சொன்னது தொப்பி மட்டும். நான் உங்கள நீன்னு சொல்லவே இல்ல.

இப்ப ரெண்டாவது லெட்டர். அதையும் அம்மாதான் வாசிச்சாங்க.

கொப்பரை வரைக்கும் நல்லா சிரிச்சாங்க. அப்பா கைய தூக்கிட்டு நடந்தது வந்தப்ப அவங்களால வாசிக்கவே முடியல, கண்ணத் துடைச்சிட்டு திரும்ப வாசிச்சாங்க. அப்புறம் மூட்டை வந்துச்சு. சத்தம் கொஞ்சம் கொறஞ்சுது. "உங்கள் அம்மா பெரிய வியாபாரி" படிச்சிட்டு என்னப் பாத்தாங்க. அடுத்த வரி படிச்சிட்டு கண்ணாடியக் கழட்டி முந்தானையில துடைச்சாங்க.

"மேல வாசிக்கட்டாலே?" னு கேட்டாங்க. வாசிங்கன்னேன்.

"அவர்களிடம் சொல்லிவிடக் கூடாது" வந்துச்சு. அதையும் அப்படியே சத்தமா வாசிச்சாங்க. ஒரு எழுத்து விடல. முடிச்சு மடிச்சு கவர்ல போட்டாங்க. "எழுத்து மணி மணியா இருக்கு"ன்னு சொல்லிட்டு உள்ள போயிட்டாங்க.

மறுநாள் காலைல கடை தொறந்தப்ப ஒவ்வொரு மூட்டையா வாயச் சுருட்டிக்கிட்டே இருந்தாங்க. திடீர்னு நின்னு எல்லாத்தையும் ஒரு தடவ பாத்தாங்க. "ஏலே, அந்தப் பிள்ள ஒரு நாள்தான வந்தா? வாயத் தொறக்கலியே. கண்ண மட்டும் தொறந்து வச்சிருந்திருக்கா பாத்துக்க" ன்னாங்க. கோவமா சந்தோஷமான்னு எனக்குப் புரியல.

அப்புறம் ஒண்ணு சொன்னாங்க. அத உங்களுக்கு எழுதணும். அவங்க கல்யாணமாகி வந்தப்ப ஒரு தலையணை உறை கொண்டுவந்தாங்களாம். பாதி பூ வேலை பண்ணினது. வந்த வாரமே தாத்தா படுத்துட்டார், கடையில இவங்க உக்காந்தாங்க. கடை, அடுப்பு, நான். அந்த உறைய எடுக்கவே இல்ல. ஒரு நாள் எண்ணெய் டின் ஒழுகிச்சு, கைக்கு அதுதான் கெடச்சுது, தொடச்சிட்டாங்க. "அவளுக்கும் இங்க வந்தா நேரம் இருக்காதுலே. ஆபீஸ் விட்டு வந்தா கடை, கடை விட்டா அடுப்பு. முடிச்சிட்டு வந்தா மனசுல ஒண்ணும் தொங்கிட்டு இருக்காதுல்லா. அதுக்குத்தான் சொன்னேன்" ன்னாங்க. ஆனா அரைகுறையோட உள்ள வரக்கூடாதுங்கறதுல இன்னும் அப்படியேதான் இருக்காங்க. அது மாறல.

எனக்கு அந்தக் கறுப்பு சால்வை பிடிச்சிருந்தது. அத நீங்க பிரிக்கலன்னு வந்தப்ப எனக்கு நிம்மதியா இருந்தது.

எங்க வீட்டு சுவர் காங்கிரீட். சும்மா அடிச்சா ஆணி வளையும். பக்கத்துக் கடை நாகராஜ்கிட்ட டிரில் இருக்கு. கேட்டா தருவான். சும்மா சொன்னேன்.

இத எழுத ரெண்டு ராத்திரி ஆச்சு. அம்மாவுக்குத் தெரியாது.

ஜெயகணேஷ்


தாராவி,
28 நவம்பர் 2024

உங்கள் கடிதம் கிடைத்தது. எனக்கு முகத்தை எங்கே கொண்டு வைப்பது என்று தெரியவில்லை. அத்தை அந்த வரியைச் சத்தமாக வாசித்ததை நினைத்தால் வண்டியில் நின்றுகொண்டிருக்கும்போதே காது சுடுகிறது. நேற்று செம்பூரில் இறங்காமல் கோவண்டி வரைக்கும் போய்விட்டேன். கொஞ்ச நாள் கழித்து எழுதுகிறேன்.

பொன்செல்வி


தாராவி,
8 டிசம்பர் 2024, ஞாயிறு

அன்புள்ள அத்தானுக்கும், இதை வாசிக்கிற அத்தைக்கும்,

வணக்கம். அத்தான் என்று எழுதுவது இதுதான் முதல் தடவை. அத்தை இந்த இடத்தில் நிறுத்தி உங்களைப் பார்ப்பார்கள் என்று தெரியும். பரவாயில்லை.

இங்கிலீஷிலோ இந்தியிலோ எழுதிவிடலாமா என்று முதலில் நினைத்தேன். அப்படி எழுதினால் நீங்களே வாசித்துக்கொள்ளலாம், எனக்கும் கூச்சம் இருக்காது. ஒரு பக்கம் எழுதியும் பார்த்தேன். அது பேங்குக்குப் போடுகிற விண்ணப்பம் மாதிரி இருந்தது, கிழித்துவிட்டேன். எனக்குப் பேசத்தான் வராது. தமிழில் எழுத வரும். அதை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. அத்தை வாசிக்கட்டும். என் எழுத்து மணி மணியாக இருக்கிறது என்று அவர்கள் சொன்னதை அப்பாவிடம் சொன்னேன். அவர் பட்டறையில் போய்ச் சொல்லிவிட்டார். இப்போது அங்கே இருக்கிற எல்லோருக்கும் தெரியும்.

அத்தான், அத்தைக்குத் தெரியாமல் நீங்கள் எழுதியதை இப்படிப் போட்டு உடைப்பதற்கு மன்னியுங்கள். உங்கள் கோணல் எழுத்தை நான் மூன்று தடவை வாசித்தேன். வரிசையான எழுத்தை ஒரு தடவைதான் வாசித்தேன். இதற்கு மேல் இந்த விஷயத்தை நான் விளக்கப் போவதில்லை, அத்தை கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

அத்தை, இனி உங்களுக்கு.

நீங்கள் உங்கள் கடையைப் பார்த்ததில்லை என்று நான் எழுதியது துடுக்குத்தான். மூட்டைகளைப் பற்றி எழுதியதை மட்டும் திரும்பப் பெற மாட்டேன். நீங்களும் ஒரு தடவை நின்று பார்த்தீர்களாமே.

உங்கள் தலையணை உறையைப் பற்றி அத்தான் எழுதியிருந்தார். அன்று நீங்கள் என் கையைப் பிடித்தது அதற்காக என்று எனக்குத் தெரியாது. நான் அதட்டல் என்று நினைத்துவிட்டேன்.

உங்களுக்கு நான் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் சுவரில் முதல் ஆணி இந்தப் பைகளுக்காக அடித்தது இல்லை. லாக்டவுனில் அப்பாவின் பட்டறை மூடியபோது நான் பி.காம். இரண்டாவது வருடம். காலேஜை நிறுத்திவிட்டு ஒரு கம்மல் கம்பெனியில் அட்டையில் கம்மல் குத்துகிற வேலைக்குப் போனேன். புத்தகங்களை அம்மா ஒரு பையில் போட்டு அந்த ஆணியில் மாட்டினாள். எலி தொடக் கூடாது என்று. வந்தவர் போனவர் எல்லோரும் அந்தப் பையைப் பார்ப்பார்கள். "அதான் நின்னு போச்சே, பழைய பேப்பர்க்காரன்ட்ட போட்டா இடமாவது மிஞ்சும்லா" என்பார்கள். அப்பா எதற்கும் பதில் பேசாதவர். அதற்கு மட்டும் பேசினார். "தொங்கட்டும். அது என்ன, சோறா கேக்குது?"

பட்டறை திறந்து, கடனெல்லாம் கொஞ்சம் அடங்கிய பிறகு, ஒரு நாள் அந்தப் பையை நானே இறக்கினேன். விட்ட இடத்திலிருந்து தொடங்கினேன். எங்கள் அப்பா வீட்டிலும் அம்மா வீட்டிலும் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். பட்டமளிப்பு அன்று அப்பா வெட்டு வேலைக்குப் போகாமல் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்தார். மேடையில் என் பெயரைத் தப்பாகக் கூப்பிட்டார்கள், அதற்கும் கைதட்டினார். அந்த ஆணி காலியான பிறகுதான் அதில் என் முதல் நூல் பையை மாட்டினேன். மற்ற பைகள் அப்புறம் வந்தவை. எல்லாப் பைகளின் கைப்பிடிக் காதும் அப்பா தோல் துண்டில் வெட்டித் தைத்தது.

அதனால் தொங்குகிற பையைப் பார்த்தால் எனக்கு நின்றுபோன வேலையாகத் தெரிவதில்லை. அது தன் முறைக்குக் காத்திருக்கிறது, அவ்வளவுதான்.

அங்கு வந்தால் நேரம் இருக்காது என்றீர்களாம். அத்தை, எனக்கு எப்போது நேரம் முழு மூட்டையாகக் கிடைத்திருக்கிறது? உங்கள் கடைக்கு வருகிறவர்கள் வாங்குவதுபோலக் கால் கிலோ, அரைக் கிலோவாகத்தான் கிடைக்கிறது. குர்லாவில் வண்டி வரும் வரைக்கும் கொஞ்சம். குழாயில் தண்ணீர் வரும் வரைக்கும் கொஞ்சம். அந்தந்தக் கொஞ்சத்துக்கு ஏற்ற வேலை ஒவ்வொரு பையிலும் இருக்கிறது. ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டால் மற்ற நேரமெல்லாம் வெறுமனே போய்விடும். கோபர்கைரனேயிலிருந்து காலையில் உட்கார்ந்து போகலாம் என்று அத்தான் போனில் சொன்னார். உட்கார இடம் கிடைத்தால் வண்டியிலேயே சால்வை ஓடும். ஜன்னல் பக்கம் என்றால் வெளிச்சமும் உண்டு. உங்கள் கடையில் உட்காரும்போதும் ஒன்று மடியில் இருக்கும். ஆள் வந்தால் அப்படியே போட்டுவிட்டு எழுந்துகொள்ளலாம், கண்ணி ஓடாமல் இருக்க ஒரு ஊக்கு குத்தினால் போதும். துவரம்பருப்பில் நூல் விழாமல் பார்த்துக்கொள்வேன்.

தொப்பி முடிந்துவிட்டது. போன வாரம் குர்லாவில் சிக்னல் கோளாறு, வண்டி நின்ற இடத்திலேயே நின்றது. கடைசிச் சுற்றைப் போட்டு நூலை அறுத்தேன். எதிரில் நின்ற மராட்டிக்காரப் பெண் கைதட்டினாள். இந்தத் தடவை பிள்ளையின் தலைக்குச் சரியாக இருந்தது. சஃபீனா, "என்னக் கிள்ளு, நெசந்தானா?" என்று கேட்டுவிட்டு, அரைராணி என்று இனிமேல் கூப்பிட மாட்டேன், முக்கால்ராணி என்று கூப்பிடுகிறேன் என்றாள். நான் அந்தப் பையில் வேறு நூல் போட்டுத் தொடங்கிவிட்டேன். என்ன என்று இப்போது சொல்ல மாட்டேன்.

குளிர் எட்டிப் பார்க்கிறது. நேற்றிலிருந்து ஸ்வெட்டரின் இடது கை திரும்ப ஓடுகிறது. வேர்வை இல்லை, அவசரமும் இல்லை, கண்ணிகள் வலது கையைப் போலவே விழுகின்றன. கல்யாணத்துக்குள் முடிந்தாலும் முடியும். முடியாவிட்டால் அப்பாவுக்கு அடுத்த ஜனவரி இருக்கிறது.

இவ்வளவு எழுதியது ஒன்றைக் கேட்பதற்காக. முதல் கடிதத்திலேயே கேட்டிருக்கலாம். அப்போது யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை.

அரைகுறை வேலையைத் தூக்கிக்கொண்டு ஒரு பெண் புது வீட்டுக்குள் வரக் கூடாது என்று சொன்னீர்கள். சரி, அத்தை. நான் தூக்கிக்கொண்டு வர மாட்டேன். வெறுங்கையோடுதான் உள்ளே காலை வைப்பேன்.

அதற்கு முன்னால் ஒரு நாள், கடைக்கு லீவு விடுகிற நாளில், நீங்கள் தாராவிக்கு வர வேண்டும். அத்தானும் டிரில்லும் வீட்டில் இருக்கட்டும், நீங்கள் மட்டும் வாருங்கள். பைகளை ஆணியிலிருந்து உங்கள் கையாலேயே இறக்கி, எடுத்துக்கொண்டு போய், உங்கள் வீட்டுச் சுவரில் மாட்டிவிடுங்கள். நான் வரும்போது அவை அங்கே இருந்தால், அவை நான் கொண்டுவந்த அரைகுறை ஆகாது. அந்த வீட்டில் ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிற வேலை.

அப்பா ஒரு பை கூடுதலாகத் தைத்து வைத்திருக்கிறார். அதில் இன்னும் ஒன்றும் இல்லை, அது உங்களுக்கு. அதையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போங்கள், அத்தை.

பொன்செல்வி